யாரைக் கேட்டால் ஊரைக் கேட்டதாகும்?

'எத்தனை பேரைக் கேட்டீங்க?' சேரியில் நடந்த ஒன்றைப் பற்றி அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு போனால் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். அதிகாரி கேட்பார், பத்திரிகைக்காரர் கேட்பார், கருத்தரங்கில் பின்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் எழுந்து கேட்பார். பதில் அவருக்குத் தேவையில்லை என்பது கேட்கிற தொனியிலேயே தெரிந்துவிடும். பத்துப் பேர் என்றால் 'பத்துப் பேர்தானா?' என்பார். நூறு பேர் என்றால் 'எல்லாம் ஒரே தெரு ஆளுங்கதானே?' என்பார். நம் தோழர்களும் பதிலுக்குச் சூடாகச் சொல்கிறார்கள்: 'ஒருத்தன் அடிபட்டாலும் அடி அடிதானே, இதுல எண்ணிக்கை என்ன வேண்டிக்கிடக்கு?'

தோழர் சொல்வதில் தப்பில்லை. ஒரு டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறது என்று காட்ட அந்த ஒரு கடை போதும், ஒரு சாட்சி போதும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மாவட்டத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டுக் குற்றத்தைக் குற்றமாக்கவில்லை. இதுபோன்ற இதழ்களில் வருகிற வாக்குமூலங்களும் அப்படித்தான். தன் அம்மா வாங்கிய வசவை ஒருத்தி எழுதினால் அவள் யாருக்கும் பிரதிநிதியாக இருக்கத் தேவையில்லை. 'இது எல்லா ஊரிலும் நடக்கிறதா?' என்று அவளிடம் கேட்பவன் விவரம் கேட்கவில்லை, சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கப் பார்க்கிறான்.

ஆனால் அதே நாம் துண்டறிக்கையில் 'இந்த வட்டத்தில் பாதிக்கு மேல் கடைகளில் இரட்டைக் குவளை' என்று அச்சடிக்கும்போது பேச்சு மாறிவிடுகிறது. 'இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'எவ்வளவு இருக்கிறது?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சாட்சி போதும். இரண்டாவதற்குச் சாட்சி மட்டும் போதாது, கணக்கு வேண்டும். எல்லாரையும் கேட்க நம்மிடம் காசும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் சிலரைக் கேட்டு எல்லாரையும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இதைத்தான் மாதிரி எடுப்பது, பேச்சில் சாம்பிள் எடுப்பது என்கிறோம்.

இதைப் புள்ளியியல் படிக்கிற பிள்ளைகளின் பாடம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது முதலில் நியாயம் பற்றிய கேள்வியாகப் படுகிறது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கலாம், ஒருவர் வாயால் பன்னிரண்டு பேர் பேசியதாகக் கொள்ளலாம் என்கிற உரிமை எங்கிருந்து வருகிறது? காலங்காலமாக நமக்காக வேறு யாரோ பேசி, அதையே நம் பேச்சு என்று எழுதிக்கொண்ட நாட்டில் இது சின்னக் கேள்வி இல்லை.

நம் மொழியிலேயே ஒரு பதில் இருக்கிறது: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அடுப்படியில் நின்ற எவருக்கும் இது தெரியும். ஆனால் அந்த ஒரு சோறு ஏன் போதுமாகிறது என்று யோசிக்க வேண்டும். ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே தீ. போதாததற்குச் சோறாக்குகிற பொம்பளை அகப்பையை அடிவரைக்கும் விட்டுக் கிண்டியிருக்கிறாள். கிண்டாத பானையில் மேலாக ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்து 'வெந்துருச்சு' என்றால் அடியில் இருப்பது என்ன ஆனது என்று யாருக்குத் தெரியும்? நம் ஊர் கிண்டப்படாத பானை. ஊர் வேறு, சேரி வேறு. குளம் வேறு, சுடுகாடு வேறு, சாமி போகிற தெரு வேறு. மாதிரி எடுக்கிற கலையில் பாதி இந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால் ஒருவர் போதும். எந்த அளவுக்கு வேறுபட்டுக் கிடக்கிறார்களோ அந்த அளவுக்கு எடுக்கிறவர் அகப்பையை ஆழமாக விட வேண்டும். சாதி என்பதே மனிதர்களைக் கலக்கவிடாமல் வைத்திருக்கிற ஏற்பாடு. ஆகவே இங்கே சாம்பிள் எடுப்பவருக்கு வேலை இரட்டிப்பு.

'அப்படியானால் நிறையப் பேரைக் கேட்டுவிட்டால் சரியாகிவிடும்' என்று தோன்றும். அதுவும் இல்லை. 1936-ல் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. அதை எண்ணிப் பார்த்து லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஜெயித்தது ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். ஜார்ஜ் காலப் என்பவர் அதைவிட மிகக் குறைந்த ஆட்களைக் கேட்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொல்லியிருந்தார். பத்திரிகைக்காரர்களுக்கு முகவரி எங்கிருந்து கிடைத்தது? டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்தும். பெரும் மந்தத்தில் வேலை போய்ச் சூப்புக்கு வரிசையில் நின்றவனிடம் ஏது டெலிபோன்? அனுப்பிய அட்டையிலும் நாலில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. திருப்பி அனுப்பியவர்கள் யார், குப்பையில் போட்டவர்கள் யார் என்பது இன்னொரு கதை. 23 லட்சம் என்ற எண்ணிக்கையால் இந்தச் சாய்வைச் சரிசெய்ய முடியவில்லை. தராசு கோணல் என்றால் நூறு தடவை நிறுத்தாலும் கோணல் நிறைதான் வரும்.

எண்ணிக்கை பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட வேண்டும், களப்பணிக்குப் போகிற மாணவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். முழுத்தொகுதி எவ்வளவு பெரியது என்பது அநேகமாக முக்கியமே இல்லை. ஒரு வட்டத்தின் இரண்டு லட்சம் பேரில் 400 பேரைக் குலுக்கி எடுத்தாலும், தமிழ்நாட்டின் 7 கோடிப் பேரில் 400 பேரைக் குலுக்கி எடுத்தாலும், வருகிற சதவீதம் நூற்றுக்கு 95 தடவை உண்மையிலிருந்து 5-க்கு மேல் விலகாது. அந்த 5-ஐ இரண்டரையாகக் குறைக்க 400-ஐ இரட்டித்தால் போதாது, 1600 ஆக்க வேண்டும். இது ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால். செலவுக்குப் பயந்து 20 ஊர், ஊருக்கு 20 பேர் என்று போனால் அது 400-க்குச் சமம் ஆகாது. ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். சாதித் தெருவில் கேட்கவே வேண்டாம். இருபதாவது ஆள் புதிதாகச் சொல்ல அங்கே அதிகம் மிச்சமிருக்காது.

சரி, குலுக்கல் எதற்கு? தெரிந்தவர், விவரமானவர், நாலு விஷயம் சொல்லக்கூடியவரைப் பார்த்துக் கேட்டால் என்ன?

இங்கேதான் அதிகாரம் வருகிறது. 'யாரைக் கேட்பது' என்று தீர்மானிக்கிறவன் பதிலையும் பாதி தீர்மானித்துவிடுகிறான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 முதல் மாணவர்களைக் கிராமங்களை ஆராய அனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்று அந்த ஊர்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குத் தெரிந்தவை. மறுபடி மறுபடி அங்கே போய்ப் பார்த்திருக்கிறார்கள், இருவேல்பட்டுக்கு 2008 வரைக்கும். அந்த ஆய்வுகளின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஒரே ஊரின் தொண்ணூறு வருசம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் ஊர்களைத் தேர்ந்தெடுத்த விதம் என்ன? மாணவர்கள் தங்கள் சொந்த ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். 1916-ல் பல்கலைக்கழகம் வரை பிள்ளையை அனுப்பக்கூடிய வீடுகள் எந்தத் தெருவில் இருந்தன? அந்தத் தெருவின் திண்ணையிலிருந்து பார்த்தால் ஊர் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும், எந்த இடத்தோடு முடியும்?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். தொண்டு நிறுவனத்துக்காரர் தமக்குப் பழக்கமான பத்து ஊருக்குப் போகிறார். அவை பிரச்சினை இருந்ததாலேயே பழக்கமான ஊர்கள். அங்கே எடுத்த கணக்கை மாவட்டத்தின் கணக்கு என்று போடுகிறார். நோக்கம் நல்லது, தராசு கோணல்தான். எதிராளி அந்த ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கிற நூறு உண்மையையும் கிழித்துப் போடுவான்.

குலுக்கல் இரண்டு பேர் கையிலிருந்தும் தேர்வைப் பிடுங்கிவிடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும், தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும், எந்த வீட்டுக்கும் அது பூஜ்யமாக இருக்கக்கூடாது என்பதுதான் விதி. 1912-ல் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தில் பௌலி சுமார் இருபது வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்துத் தொழிலாளர் வறுமையைக் கணக்கிட்டார். 1934-ல் நெய்மன், இந்த முறை ஏன் நம்பத்தக்கது, எத்தனை பிழை வரும் என்பதற்குக் கணிதம் எழுதினார். வங்காளத்தில் மகலனோபிஸ் 1930-களின் கடைசியில் சணல் பயிரை இப்படி அளந்தார். அவர் கையால்தான் 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆரம்பமானது. வரலாறு இவ்வளவு போதும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சீட்டுக்குச் சாதி தெரியாது. வெள்ளை வேட்டியைப் பார்த்து அது எழுந்து நிற்காது. இந்த நாட்டில் மனிதர்கள் மனிதர்களைத் தேர்ந்தெடுக்க எத்தனையோ வழி வைத்திருக்கிறார்கள். பிறப்பைக் கேட்காத வழி அதில் எத்தனை?

உடனே ஒருவர் சொல்வார், 'இதெல்லாம் நம்ம ஆளுங்க ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சதுதான், குடவோலை!' நல்லது, குடவோலையைப் பார்ப்போம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள். குடும்புக்குக் குடும்பு பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குலுக்கல் என்ற அளவில் குறை சொல்ல முடியாது. புள்ளியியல் வாத்தியார் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான். ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போனது? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். அது பிராமணச் சபை. அந்த நிலத்தில் சேற்றில் நின்றவன் பெயரை எழுத ஓலை கிடையாது. பெண்ணுக்குக் கிடையாது. குலுக்கல் சமத்துவமானது, குடம் சமத்துவமானதல்ல. சிறுவனின் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளே இல்லாத ஓலையை அவன் எடுக்க முடியாது.

சாம்பிள் எடுக்கிறவர்களின் பாஷையில் இந்தக் குடத்துக்குச் சட்டகம் என்று பெயர், அதாவது யாரிலிருந்து எடுக்கப் போகிறோமோ அவர்களின் பட்டியல். எல்லாப் புத்தகத்திலும் குலுக்கலுக்குப் பத்துப் பக்கமும் பட்டியலுக்கு அரைப் பக்கமும் இருக்கும். நமக்கு அது தலைகீழாக இருக்க வேண்டும். பட்டியலுக்கும் முன்னால் 'முழுத்தொகுதி எது' என்று ஒரு சண்டை இருக்கிறது. 1932-ல் லோத்தியன் குழுவின் முன்னால் அதுதான் நடந்தது. தீண்டப்படாதார் எத்தனை பேரோ அதைப் பொறுத்து அரசியல் பங்கு என்று வந்ததும், எங்கள் மாகாணத்தில் அப்படி யாரும் அதிகமில்லை என்று சில இடங்களில் சொல்ல ஆரம்பித்தார்கள். குழுவில் இருந்த அம்பேத்கர் தனிக்குறிப்பு எழுத வேண்டிவந்தது. யாரை எண்ணுவது என்பதை எண்ணுகிறவனே முடிவு செய்தால் எண்ணிக்கை எப்படி வரும் என்பதை அவர் அன்றே பார்த்துவிட்டார்.

ஊருக்குள் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். கணக்கெடுக்க வருகிற பையன்களுக்கு ஒரு விதி சொல்லி அனுப்புவார்கள்: ஊரின் முக்கியமான இடத்திலிருந்து ஆரம்பி, வலதுகைப் பக்கமாக நட, இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு கேள். முக்கியமான இடம் எது? கோயில், இல்லாவிட்டால் பஸ் நிற்கிற இடம். கோயில் வாசலிலிருந்து வலப்பக்கமாக நடந்தால் நாலு தெரு சுற்றி மறுபடி கோயிலுக்கு வரலாம். வாய்க்காலைத் தாண்டி வயல்வெளிக்கு அந்தப்பக்கம் இருக்கிற காலனிக்கு அந்த வலதுகை ஒருநாளும் போய்ச் சேராது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஊரே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, விதி அதன்மேல் நடந்து போகிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ ரேஷன் கடையிலோ பட்டியல் வாங்கினால் புறம்போக்கில் குடிசை போட்டவர் இருக்கமாட்டார். கதவு எண் இல்லாத வீடு இருக்காது. ஒரே கதவு எண்ணில் மூன்று அடுப்பு எரிகிற வீடு ஒன்றாகத்தான் இருக்கும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் மழைக்காலத்தில் திரும்புகிறவர்கள் எந்த ஊர்ப் பட்டியலில் இருப்பார்கள்? சூளை இருக்கிற ஊரில் வந்தேறி, சொந்த ஊரில் பூட்டிய வீடு.

அரசாங்கத்தின் பெரிய கணக்கெடுப்புகளிலும் பட்டியல் சிக்கல் உண்டு. 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதனால் மாதிரிக் கணக்கெடுப்புகள் 2011-ன் கிராமப் பட்டியலையே பிடித்துக்கொண்டு வருசக்கணக்கில் போக வேண்டிவந்தது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் பல சுற்றுகளில் இன்னொரு விதி இருந்தது. பெரிய கிராமத்தைக் குடியிருப்புத் தொகுப்புகளாகப் பிரிப்பார்கள். அதில் மக்கள் அதிகம் உள்ள தொகுப்பு குலுக்கல் இல்லாமல் நேராக உள்ளே வந்துவிடும். மீதியில் ஒன்றைக் குலுக்கி எடுப்பார்கள். அநேக கிராமங்களில் பெரியது எது, சின்னது எது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு நிச்சயம், காலனிக்குச் சீட்டு. இதில் சூழ்ச்சி இல்லை. குலுக்கலில் வந்த தொகுப்பின் பதிலுக்கு அதற்கேற்ற எடை கொடுத்துக் கூட்டும்போது மொத்தக் கணக்கு சாயாமல் சரியாகத்தான் வரும். ஆனாலும் குறைந்த சேரிகளில் கேட்டதை வைத்து நிறைய சேரிகளைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் நம்மைப் பற்றிய எண் அதிகம் ஆடும். இந்த வித்தியாசம் தெரிந்து பேசினால் அதிகாரி உட்கார்ந்து கேட்பார். 'எங்களை வேணும்னே விட்டுட்டீங்க' என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்.

எடை என்று சொன்னேன். இதுதான் எனக்கு முழுப் பாடத்திலும் மனசைக் குடைந்த இடம். கணக்குக்காக ஒரு ஊரை வைத்துக்கொள்வோம். 240 வீடு. ஊர்த்தெருவில் 180, சேரியில் 60. நாம் 30 வீட்டில் கேட்கலாம். பொதுவாகக் குலுக்கினால் சேரிக்கு ஏழெட்டு வீடு வரும், அதை வைத்துச் சேரியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே ஊரையும் சேரியையும் இரண்டு அடுக்காகப் பிரித்து, அடுக்குக்கு 15 வீடு எடுக்கிறோம். சேரியில் 60 வீட்டுக்கும் எண் போட்டு, 60-ஐ 15-ஆல் வகுத்து நாலு வீட்டுக்கு ஒன்று. முதல் வீட்டை 1 முதல் 4 வரை சீட்டு எழுதி ஒரு சிறு பிள்ளையை எடுக்கச் சொல்லலாம். 3 வந்தால் 3, 7, 11, 15 என்று போக வேண்டியதுதான். கேள்வி: வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? ஊர்த்தெருவில் 15-க்கு 14 வீட்டில் இருக்கிறது. சேரியில் 15-க்கு 3. கூட்டினால் 30-க்கு 17, அதாவது 57 சதவீதம். துண்டறிக்கைக்கு நல்ல எண்: 'இந்த ஊரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் குழாய்.' ஆனால் அது பொய். ஊர்த்தெருவில் கேட்ட ஒவ்வொரு வீடும் 12 வீட்டுக்காக நிற்கிறது, சேரியில் ஒவ்வொன்றும் 4 வீட்டுக்காக. 14-ஐ 12-ஆல் பெருக்கினால் 168. 3-ஐ 4-ஆல் பெருக்கினால் 12. ஆக 240-க்கு 180, அதாவது 75 சதவீதம்.

57-ஐப் போடுவதா 75-ஐப் போடுவதா? 57 நமக்கு உதவுகிற பொய், 75 நமக்கு உதவாத உண்மை. 'அவன் எத்தனை பொய் சொல்லியிருக்கான், நாம ஒண்ணு சொன்னா என்ன' என்று கேட்கிற இளைஞரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொய்க் கணக்கை எழுதும் வசதி நம்மைவிட அவர்களிடம்தான் எப்போதும் அதிகம். அந்தப் போட்டியில் இறங்கினால் நாம் ஜெயிக்கப் போவதில்லை. இந்த 75-க்கு உள்ளேயே இன்னொரு உண்மை கிடக்கிறது: ஊர்த்தெருவில் 93, சேரியில் 20. 75 சதவீதம் என்று பெருமையாகக் கோப்பில் எழுதுகிற அதிகாரியும் பொய் சொல்லவில்லை. சராசரி எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். கிண்டாத பானைக்குச் சராசரிப் பதம் என்று ஒன்று உண்டா? இரண்டையும் தனித்தனியாக எழுது என்று கேட்பதே நம் அரசியலாக இருக்க முடியும். அப்படிக் கேட்க, அடுக்கு பிரிப்பது எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பிரிப்பு சேரி வாசலோடு நின்றுவிட்டால் போதாது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் எஸ்.சி. 400 பேர் மாதிரியில் 80 பேர் வருவார்கள். அந்த 80-ஐ வைத்துச் சொல்கிற எதுவும் 11 சதவீதம் மேலேயும் கீழேயும் ஆடும். அதில் பெண்கள் 40 என்றால் 15 சதவீதத்துக்கு மேல் ஆடும். அருந்ததியர் எத்தனை பேர் வருவார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? 'தலித் மக்களின் கருத்து' என்று நாம் மேடையில் சொல்லும்போது உள்ளே யாருடைய கருத்து யாருக்காக நிற்கிறது என்பதை நம் அமைப்புகளும் கேட்டுக்கொள்ள வேண்டும். சேரிக்குள்ளும் ஒரு மேலத்தெரு இருக்கிறது.

சிலர் இதற்குச் சுலபவழி வைத்திருக்கிறார்கள்: 'அஞ்சு எஸ்.சி., அதில் ரெண்டு லேடீஸ், பிடிச்சுட்டு வா.' கோட்டா மாதிரி என்று இதற்குப் பெயர். இடஒதுக்கீட்டையும் இதையும் போட்டுக் குழப்பக்கூடாது. அடுக்கு மாதிரியில் அடுக்குக்குள் குலுக்கல் இருக்கிறது. கோட்டாவில் அடுக்குக்குள் கணக்கெடுப்பவரின் சௌகரியம் இருக்கிறது. ரோட்டோரத்தில் இருக்கிறவர், உட்கார நாற்காலி போடுகிறவர், பேண்ட் போட்டவர் மாட்டுவார். 1948-ல் இதே காலப் இந்தக் கோட்டா முறையை நம்பித்தான் அமெரிக்கத் தேர்தலில் ட்ரூமன் தோற்பார் என்று சொன்னார். ட்ரூமன் ஜெயித்தார்.

பட்டியலும் குலுக்கலும் சரியாகிவிட்டால் எல்லாம் முடிந்ததா? பகல் பதினொரு மணிக்குக் கணக்கெடுக்கப் போனால் சேரியில் யார் இருப்பார்கள்? நடவுக்குப் போனவள் ஆறு மணிக்கு வருவாள். வந்து அடுப்பு மூட்டுவாள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்று எழுதிக்கொண்டு போகிற நிமிடத்தில் குலுக்கல் செத்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவளுக்குப் பதில் வேலைக்குப் போகாதவள் நிற்கிறாள். திரும்பத் திரும்பப் போக வேண்டும், ராத்திரியானாலும். கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். மகலனோபிஸ் இதற்கு ஒரு உபாயம் வைத்திருந்தார். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து இரண்டு வேறு குழுக்களிடம் கொடுப்பது. இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் கோளாறு மக்களிடம் இல்லை, கேட்டவர்களிடம். நாம் அதை இப்படிச் செய்யலாம்: பாதி வீடுகளுக்கு ஊர்ப்பிள்ளைகள், பாதிக்குச் சேரிப்பிள்ளைகள். இரண்டு கணக்குக்கும் இடையில் வருகிற வித்தியாசமே ஒரு கண்டுபிடிப்பு.

கேள்வியை வைக்கும் விதமும் அப்படித்தான். 2011-12-ல் நாடு முழுக்க 42,000-க்கு மேற்பட்ட வீடுகளில் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வில், வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், எஸ்.சி. ஒருவர் உங்கள் அடுப்படிக்குள் வந்தாலோ பாத்திரத்தைப் புழங்கினாலோ பரவாயில்லையா என்று கேட்டார்கள். இரண்டையும் சேர்த்தபோது நூற்றுக்கு 27 வீடுகள் ஒத்துக்கொண்டன. எந்த அலகை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். ஷா, மந்தர், தோரட், தேஷ்பாண்டே, பவிஸ்கர் ஆகியோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. அங்கே எண்ணியது மனிதர்களின் மனசை அல்ல, ஊரின் வழக்கங்களை. கோயிலுக்குள் விடுகிறார்களா, கடையில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று. 27 வீட்டுக்காரன் மட்டும் பார்க்கிற தீண்டாமை ஊர் முழுக்க அமலில் இருக்க முடியும். இரண்டு எண்ணும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

யாரும் குலுக்கிப் போடாமல், 'பாதிக்கப்பட்டவர்கள் வந்து பதிவு செய்யலாம்' என்று முகாம் போட்டு உட்காருகிற முறையும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனிதர் கையால் மலம் அள்ளப்படும் கழிப்பிடங்கள் 7,94,390 என்று பதிவானது. 2013, 2018 கணக்கெடுப்புகளில் அந்த வேலை செய்பவர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். முகாமுக்கு வர வேண்டுமானால் விஷயம் தெரிய வேண்டும், ஒருநாள் கூலியை விட வேண்டும், அதிகாரி முன்னால் நின்று தான் செய்கிற வேலையைத் தன் வாயால் சொல்ல வேண்டும், அதை அவர் ஒத்துக்கொள்ளவும் வேண்டும். இத்தனை சல்லடையிலும் தங்கினவர்கள் 58,098 பேர்.

கடைசியாக, குலுக்கலில் பெயர் வந்தவர் பேசியே தீர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. 'வர்றவங்க எல்லாம் எழுதிக்கிட்டுப் போறாங்க தம்பி, எழுதினது என்னாச்சுன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல' என்று சேரியில் வயசான பெண்கள் சொல்வதைக் கேட்காத களப்பணியாளர் இருக்க முடியாது. மறுத்தவரை மறுத்தவர் என்றே எழுத வேண்டும், வேறு வீட்டால் நிரப்பக்கூடாது. எடுத்த கணக்கைத் திரும்பக் கொண்டுபோய் அதே தெருவில் வாசித்துக்காட்டும் வேலையையும் திட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்படி வாசிக்கும்போது ஒரு சங்கடம் வருகிறது. புதிரை வண்ணார் குடும்பங்கள் சேரிக்கும் கீழே, ஊருக்கு ஒன்று, இரண்டு ஊருக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கிறார்கள். எந்தக் குலுக்கலிலும் அவர்கள் அநேகமாக வரமாட்டார்கள். வட்டத்தில் உள்ள வீடுகளை எல்லாம் தேடிப்போய், ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று சங்கிலிபோலப் பிடித்துப் போனால்தான் உண்டு. அதில் யார் விடுபட்டார்கள் என்று கணக்குச் சொல்ல முடியாது. பிடித்து எழுதிவிட்டால் அட்டவணையில் அந்த ஊருக்கு நேரே '1' என்று விழும். ஒன்று என்று எழுதினால் அது எண் இல்லை, பெயர். அவர்கள் என்ன சொன்னார்கள், சேரியில் யாரைப் பற்றிச் சொன்னார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாள் துணி எடுக்கப் போக வேண்டியது அதே வாசல்களுக்குத்தான். விட்டுவிட்டால் எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. வட்டத்தின் எல்லா ஊர்களையும் ஒன்றாகக் கூட்டி ஒரே வரியாகப் போடலாம், அதில் ஆள் தெரியாது. ஆனால் எந்த ஊரில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாமல் போய்விடும். எப்படிப் போடுவது என்பதை அட்டவணை அடிப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய், சேரி ஆட்கள் யாரும் கூட இல்லாத நேரத்தில், அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.